சராசரி எடுத்தும் குறையாத இரைச்சல்

செங்கோட்டையை அடுத்த புளியரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வானிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்க, மொட்டைமாடியில் 150 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய ஒரு டைபோல் (இரு கம்பி) ஆண்டெனா, கீழே அறையில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (லேப்டாப்பில் செருகும் சிறு வானொலி வாங்கி), இரண்டுக்கும் நடுவே 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். ஜூன் மாதத்தில் பத்து இரவுகள் பதிவு ஓடியிருக்கிறது. இரண்டு நிமிடம் வரை சராசரி எடுத்தால் வரைபடத்தில் இரைச்சலின் கோடு மெலிகிறது. அதற்கு மேல் விடிய விடிய எடுத்தாலும் அசையவில்லை. நள்ளிரவு தாண்டி ஒரு மேடு வருகிறது. 5-ஆம் தேதி 1.10 மணிக்கு வந்தது 15-ஆம் தேதி 12.30-க்கே வந்துவிட்டது. பகலில் வரைபடம் முள்வேலி போல ஆகிறது. காற்று பலமாக வீசும்போது சடசடப்பு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "குறைந்த அலைவெண்ணில் வானம் முழுவதையும் கணக்கெடுத்தவர்கள் இந்த இரைச்சலை எப்படி ஒழித்தார்கள்? மேற்கே மலை மறைப்பதால் எங்கள் ஊர் இதற்கு வாகான இடம்தானே?" என்கிறார். இதில் ஒளிந்திருக்கும் உண்மையான கேள்வி, பதிவில் எது வானம், எது ஊர், எது கருவி என்று எப்படிப் பிரிப்பது என்பதுதான். ஒழிப்பது அதற்குப் பிறகு.

சராசரி எடுத்தால் குறைவது ஒரே ஒரு வகை இரைச்சல்தான். கணத்துக்குக் கணம் தொடர்பில்லாமல் மேலும் கீழும் ஆடும் வெப்ப இரைச்சல் அது. பட்டை அகலத்தையும் நேரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் மொத்த இரைச்சல் வெப்பநிலையை (இரைச்சலின் வலுவை, அதே அளவு இரைச்சல் தரும் சூடான பொருளின் வெப்பநிலையாகக் கெல்வினில் சொல்வார்கள்) வகுத்தால் எஞ்சும் ஆட்டம் கிடைக்கும். 1 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இரண்டு நிமிடம் என்றால் வகுக்கும் எண் ஏறத்தாழ 11,000. ஆக, இரண்டு நிமிடத்தில் உங்கள் கருவி பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் அளவுக்கு நுட்பமாகிவிடுகிறது. அந்த இரண்டு நிமிடத்துக்குள் பெருக்கியின் பெருக்கம் அதே அளவுக்கு நகர்ந்துவிட்டால், அதற்கு மேல் எடுக்கும் சராசரி எல்லாம் அந்த நகர்வைத்தான் அளக்கும். ஒரு டிகிரி வெப்பநிலைக்கு 0.01 டெசிபெல் மட்டுமே நகரும் நல்ல பெருக்கியைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள். மாடியில் மாலைக்கும் விடியலுக்கும் இடையே 8 டிகிரி இறங்கினால் கிட்டத்தட்ட 2 சதவீதம் போய்விடும். உங்கள் கோடு இரண்டு நிமிடத்தில் நின்றுபோனதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. சோதிப்பது எளிது. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு 50 ஓம் முடிப்பானை (அலை எதையும் பிடிக்காத சிறு மின்தடை) திருகி ஓர் இரவு ஓட்டுங்கள். அப்போதும் இரண்டு நிமிடத்தில் நின்றால் வானத்துக்கும் ஊருக்கும் இதில் பங்கில்லை.

அடுத்து கேபிள். இதில் கணக்குப் போட்டாலே திகைப்பு வரும். ஆர்ஜி-58 கேபிள் 150 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டருக்கு 4 டெசிபெல் வரை, அதாவது பாதிக்கு மேல், விழுங்கும். விழுங்குவதோடு நிற்காமல் தன் சூட்டையும் சேர்த்துத் தரும். ஆண்டெனா முனையில் வைத்துக் கணக்கிட்டால் அது 435 கெல்வின். டாங்கிளின் இரைச்சல் எண் (கருவி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 4 டெசிபெல் என்று வைத்தால், கேபிளின் இழப்பைத் தாண்டி அது 1,100 கெல்வின் ஆகிறது. இந்த அலைவெண்ணில் வானம் தருவதோ 350 கெல்வின் வாக்கில். அதாவது நீங்கள் இப்போது பதிவு செய்வதில் ஐந்தில் ஒரு பங்குகூட வானம் இல்லை. 1 டெசிபெல் இரைச்சல் எண்ணும் 20 டெசிபெல் பெருக்கமும் உள்ள ஓர் எல்என்ஏ-வை (இரைச்சல் குறைந்த பெருக்கி) ஆண்டெனாவின் காலடியிலேயே வைத்தால் கேபிளும் டாங்கிளும் சேர்ந்து 15 கெல்வினாகச் சுருங்கிவிடும். எல்என்ஏ-வின் 75 கெல்வினைக் கூட்டினாலும் 90-தான். மொத்தம் 440, அதில் 350 வானம். அதன்பின் இன்னும் விலை உயர்ந்த எல்என்ஏ தேடிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். குறைந்த அலைவெண்ணில் கருவியைவிட வானமே பெரிய இரைச்சல்.

அந்த வான இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதில் ஐயமில்லை. பால்வீதியின் காந்தப்புலத்தில் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் வெளியிடும் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு அது. அலைநீளத்தை மீட்டரில் எடுத்து 2.55 அடுக்குக்கு உயர்த்தி 60-ஆல் பெருக்கினால், வானத்தின் நடுத்தரமான வெப்பநிலை கெல்வினில் வரும் என்பது நடைமுறையில் உள்ள வாய்பாடு. 408 மெகாஹெர்ட்ஸில் 27 கெல்வின், 150-இல் 350, ஆந்திர எல்லையை ஒட்டிக் கர்நாடகப் பக்கம் இருக்கும் கௌரிபிதனூர் வானொலித் தொலைநோக்கியின் 34.5 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 15,000. அங்கே 1,000 டைபோல்களை டி வடிவத்தில் நிறுத்தி, கிழக்கு மேற்காக 1.4 கிலோமீட்டர் நீட்டி எடுத்த வான வரைபடத்தை துவாரகாநாத்தும் உதய சங்கரும் 1990-இல் வெளியிட்டார்கள். 15,000 கெல்வின் வானத்தின் முன் பெருக்கியின் சில நூறு கெல்வின் ஒரு பொருட்டல்ல. அதனால்தான் அந்த அலைவெண்ணில் சாதாரண டிரான்சிஸ்டர் பெருக்கியை வைத்தும் நல்ல வானியல் நடக்கிறது.

இனி உங்கள் நள்ளிரவு மேடு. பத்து நாளில் 40 நிமிடம் முந்தியிருக்கிறது, நாளுக்கு 4 நிமிடம். சூரியனைப் பார்த்து நடக்கும் எதுவும், மின்வாரியத்தைப் பார்த்து நடக்கும் எதுவும் இப்படி முந்தாது. பூமி விண்மீன்களுக்கு எதிரே ஒரு சுற்று சுற்ற எடுக்கும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. அந்தக் கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. பால்வீதியின் மையம் ஜூன் 5-ஆம் தேதி உங்கள் ஊரின் தென்திசை வானில், அடிவானத்திலிருந்து சுமார் 52 டிகிரி உயரத்தில், அதிகாலை 1.10 வாக்கில்தான் உச்சிக்கோட்டைக் கடக்கும். கோளாறு என்று நீங்கள் எண்ணிய மேடுதான் அந்தப் பத்து இரவிலும் பதிவான வானம். அதைக் குறைக்க முயலாதீர்கள்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை அவிழும். ஒவ்வோர் இரைச்சலும் ஒரு கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது. அதன் அளவைப் பார்த்து ஏமாறாமல், எந்தக் கடிகாரம் என்று கேளுங்கள். பத்து விநாடிச் சராசரியில் வேகமான கடிகாரங்கள் மறைந்துபோகும். ஆகவே தனியாக ஒரு பதிவு எடுங்கள். 150 மெகாஹெர்ட்ஸில் 1 மெகாஹெர்ட்ஸ் அகலம், சமிக்ஞையின் திறனை விநாடிக்கு 10,000 முறை வீதம் ஒரு நிமிடத்துக்குக் கோப்பில் எழுதிவிட்டு, அந்தத் திறன் வரிசைக்கே ஒரு ஃபூரியே உருமாற்றம் (எந்த வேகத்தில் துடிக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு) செய்யுங்கள். 100 ஹெர்ட்ஸில் கம்பு போல ஒரு கோடு நின்றால் அது மின்கம்பி. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆனால் மின்னழுத்தம் நேர் உச்சியிலும் எதிர் உச்சியிலும் பொறி தட்டுவதால் 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறை வெடிக்கும். காற்றில் வரும் உங்கள் சடசடப்பு இந்த வகை என்றே நினைக்கிறேன். 11 கிலோவோல்ட் கம்பத்தில் இன்சுலேட்டரைப் பிடிக்கும் இரும்புத் துண்டு, கழன்ற போல்ட், தளர்ந்த கட்டுக்கம்பி ஆகியவற்றின் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். காற்றில் கம்பி ஆடும்போது அந்த இடைவெளி திறந்து மூடும். சாரல் பிடித்துக் கம்பம் நனைந்தால் இந்தப் பொறி பெரும்பாலும் அடங்கிவிடும். இடைவெளியில் ஈரம் கசிந்து மின்னழுத்தத்தைக் கரைத்துவிடுகிறது. உயர் அழுத்தக் கோபுரங்களின் கொரோனா (கம்பியைச் சுற்றிய காற்றில் மின்சாரம் கசிவது) இதற்கு நேர் எதிர், மழையில்தான் கூடும். ஆக, குற்றாலச் சாரல் நாளில் சத்தம் குறைகிறதா கூடுகிறதா என்று பார்ப்பதே பாதி துப்பறிதல். கம்பத்தைக் கண்டுபிடிக்கக் கையடக்க ஏஎம் வானொலியும், 150-க்கு மூன்று கம்பி யாகி ஆண்டெனாவும் போதும். ஏஎம்மில் கிலோமீட்டர் கணக்கில் எல்லாக் கம்பமும் இரையும். 150-இல் உண்மையான கம்பம் மட்டுமே இரையும். கம்பத்தைத் தட்டிப் பார்க்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு லைன்மேனிடம் சொல்லுங்கள்.

திறன் வரிசையில் விநாடிக்கு ஒன்று என்று சீரான துடிப்பு தெரிந்தால், யானைக்கும் பன்றிக்கும் போட்ட சோலார் மின்வேலி. உங்கள் ஊர் மலையடிவாரத் தோப்புகளில் அதற்குக் குறைவிருக்காது. வேலி நன்றாக இருந்தால் 150-இல் தொல்லை தராது. அதன் துடிப்பு மெதுவானது. கம்பியில் புல் பட்டோ, இன்சுலேட்டர் விரிசல் விட்டோ பொறி பறந்தால்தான் இந்த உயரத்துக்கு ஏறும். புல்லை வெட்டினால் வேலிக்காரருக்கும் லாபம், உங்களுக்கும் லாபம். ஏறத்தாழ ஒரு விநாடிக்கு அருகே இன்னொரு கடிகாரமும் உண்டு. சமவெளியில் ஆய்க்குடி, சுரண்டைப் பக்கம் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகள், தொலைவு நிலையங்களின் அலையை எதிரொளித்து ஏற்றி இறக்கும். வேலியின் துடிப்பு மணிக்கூண்டு போலச் சீராக இருக்கும். காற்றாலையின் துடிப்பு காற்றோடு சேர்ந்து வேகம் மாறும். சித்தூர், பலமனேரிப் பக்கம் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: திருப்பதி அருகே காதங்கியில் 1,024 யாகி ஆண்டெனாக்களோடு இயங்கும் வளிமண்டல ரேடார் 53 மெகாஹெர்ட்ஸில் துடிப்புகளை அனுப்புகிறது. 50-ஐ ஒட்டி ஆண்டெனா கட்டும் எண்ணம் இருந்தால் அந்த எண்ணை மனதில் வையுங்கள். 150-இல் அது உங்களைத் தொடாது.

பகல் முள்வேலிக்கு இரண்டு குற்றவாளிகள் இருக்கலாம், அனுப்பிய படத்தை மட்டும் வைத்து எது என்று பிரிக்க முடியாது. ஒன்று சூரியன். அமைதியாக இருக்கும் நாளிலேயே 150 மெகாஹெர்ட்ஸில் அது வானத்தின் மற்ற எந்தப் புள்ளி மூலத்தையும்விடப் பல மடங்கு பிரகாசம். கரும்புள்ளிகள் சூழ்ந்த நாளில் விநாடிக் கணக்கிலும் நிமிடக் கணக்கிலும் வெடிக்கும். மற்றொன்று தோட்டத்துச் சோலார் பம்ப்புகளின் இன்வெர்ட்டர். அதுவும் காலையில் எழுந்து மாலையில் அடங்கும். பிரிக்கும் வழியை மேகமே தருகிறது. 150 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு மேகம் ஜன்னல் கண்ணாடி மாதிரி, சூரிய இரைச்சல் துளியும் குறையாது. சோலார் தகட்டுக்கோ மேகம் வந்தால் மின்சாரம் விழும், இன்வெர்ட்டரின் குரலும் மாறும். கருமேகம் கடக்கும் பத்து நிமிடத்தைக் கைக்கடிகாரத்தில் குறித்துவைத்துப் பதிவோடு ஒப்பிடுங்கள். கூடவே அலைவெண் அச்சையும் பாருங்கள். இன்வெர்ட்டர், எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் சில கிலோஹெர்ட்ஸ் முதல் 150 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஸ்விட்சிங் வேகத்தைக் கொண்டவை. அவை சீப்பின் பல்போலச் சம இடைவெளிக் கோடுகளாகத் தெரியும், சூடேற ஏற மெல்ல நகரும். சூரியன் பட்டை முழுவதையும் சேர்த்துத் தூக்கும். மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் மட்டும் தலைகாட்டும் கோடுகள் இருந்தால் அவை சோலார் இல்லாத பம்ப்செட்டின் ஸ்டார்ட்டரோ டிரைவோ.

வெளியே தேடுவதற்கு முன் வீட்டுக்குள் தேடுங்கள். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டி அரை மணி நேரம் பதிவு செய்தாலே பாதிக் கோடுகள் மறையும். மிச்சத்தில் பெரும்பங்கு லேப்டாப்பும் யுஎஸ்பி கேபிளுமே. மாடிக்குப் போகும் கேபிளின் வெளிக்கூடு ஒரு ஆண்டெனாவாக மாறி அறையின் இரைச்சலை மாடிக்குக் கொண்டுபோகிறது. அதை நிறுத்த, ஆண்டெனா முனையிலும் அறை முனையிலும் கேபிளை ஃபெரைட் வளையத்தில் நான்கைந்து சுற்று சுற்றுங்கள். எல்என்ஏ-வுக்கு மின்சாரம் அடாப்டரிலிருந்து வேண்டாம். யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியும் 7805 ரெகுலேட்டரும் போதும். 60 மில்லிஆம்பியர் இழுக்கும் எல்என்ஏ நான்கு நாள் ஓடும். பக் கன்வெர்ட்டர் (ஸ்விட்சிங் முறையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவி) போட்டால் இரைச்சலை நீங்களே காசு கொடுத்து வாங்கியதாக ஆகும்.

மலைக்கு வருகிறேன். மலை மறைப்பு உண்மைதான். புனே அருகே கோடாத்தில் ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைநோக்கி அமைந்த இடத்துக்கும் சுற்றியுள்ள குன்றுகள் ஒரு தகுதி. ஆனால் மறைப்பது வேறு, இல்லாமல் ஆக்குவது வேறு. திருவனந்தபுரம் தூரத்தில், 60 கிலோமீட்டரில் 10 கிலோவாட் எஃப்எம் நிலையம் ஒன்று இருப்பதாக வைத்துக் கணக்கிடுங்கள். மலைமுகட்டில் வளைந்து வரும்போது 30 டெசிபெல், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும், அதே பட்டை அகலத்தில் வான இரைச்சலைவிட அது பல பத்தாயிரம் மடங்கு வலுவாகத்தான் உங்கள் டைபோலை அடையும். மேலும் மலை மேற்கே மட்டும்தான் சுவர். கிழக்கே திருநெல்வேலி வரை திறந்த வெளி. விமானங்களும் எரிகற்களின் பாதைகளும் மலைக்குப் பின்னால் உள்ள நிலையங்களை விநாடிக் கணக்கில் எட்டிப் பார்க்க வைக்கும். செயற்கைக்கோளுக்கு மலை ஏது.

எஃப்எம் 108-இல் முடிகிறதே, 150-க்கு என்ன என்று கேட்கலாம். டாங்கிளின் எண்மமாக்கி 8 பிட், 256 படிகள்தான். வலுவான நிலையம் ஒன்று உள்ளே வந்தால் படிகள் நிரம்பி, இல்லாத இடத்தில் எல்லாம் போலிச் சமிக்ஞைகள் முளைக்கும். 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை வயர்லெஸ் கருவிகளின் பட்டை. சோதனைச்சாவடி, வனத்துறை, வாடகைக்கார் என்று எல்லைப்பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை. இரண்டு வயர்லெஸ்கள் சேர்ந்து பேசினால் கருவிக்குள் கலந்து மூன்றாவது ஒன்று பிறக்கும். இப்படிக் கலந்து பிறந்ததைக் கண்டுபிடிக்க எளிய வழி: எல்என்ஏ-வுக்கு முன் 10 டெசிபெல் தடுப்பானை இடுங்கள். வெளியிலிருந்து வருவது 10 டெசிபெல் இறங்கும். கருவிக்குள் மூன்றாம் படிக் கலப்பில் பிறந்தது 30 இறங்கும். இறங்கிய அளவே பிறந்த இடத்தைச் சொல்லிவிடும். எஃப்எம் தடுப்பு வடிகட்டியை எல்என்ஏ-வுக்கு முன்னேயே போடுங்கள் என்பேன். அரை டெசிபெல் இழப்பால் 35 கெல்வின் கூடும். 350 கெல்வின் வானத்தில் அது தாங்கக்கூடிய விலை. 1,420 மெகாஹெர்ட்ஸில் ஹைட்ரஜன் கோட்டைத் தேடுபவர்கள் இதைக் கேட்டால் அடிக்க வருவார்கள், அங்கே கணக்கு வேறு. அலைவெண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது 150.05 முதல் 153 மெகாஹெர்ட்ஸ் வரைக்குள் நில்லுங்கள். உலக வானொலி ஒழுங்குவிதிகளில் அந்தத் துண்டு இந்தியாவில் வானொலி வானியலுக்கும் முதன்மை நிலையில் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கீடு என்பது காவல்காரர் இல்லாத வயல்தான், இருந்தாலும் பக்கத்து வயலைவிட மேல்.

பெரிய கணக்கெடுப்புகள் இத்தனையையும் ஒழித்துவிடவில்லை. கெட்ட துண்டுகளை அறிந்து தள்ளிவிடுகின்றன. துடிப்பு இரைச்சலுக்குப் பொதுவான முறை, ஒவ்வொரு சிறு துண்டிலும் நடுமத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவே நிற்கும் மதிப்பு), நடுமத்திலிருந்து விலகல்களின் நடுமத்தையும் எடுத்து, அதை 1.4826-ஆல் பெருக்கினால் வரும் அளவுகோலின் சில மடங்கைத் தாண்டியவற்றை வெட்டுவது. சாதாரணச் சராசரியும் திட்டவிலக்கமும் இங்கே உதவா, ஏனென்றால் பொறியே அளவுகோலை ஊதிப் பெரிதாக்கித் தன்னை மறைத்துக்கொள்ளும். ஜிஎம்ஆர்டியில் மின்கம்பிப் பொறியை ஓடும்போதே வடிகட்ட இந்த நடும முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வெட்டிய பிறகும் சராசரிக்கு அடங்காமல் நிற்பவை மூன்று. ஒன்று குழப்ப இரைச்சல். கற்றை (ஆண்டெனா ஒரே நேரத்தில் பார்க்கும் வானப் பரப்பு) அகலமாக இருந்தால் பல மங்கலான வானொலி மூலங்கள் ஒன்றாகக் கலந்து ஒரே மூலம்போல் நடிக்கும். கேம்பிரிட்ஜில் 81.5 மெகாஹெர்ட்ஸில் எடுத்து 1955-இல் வெளியான இரண்டாவது பட்டியலில் 1,936 மூலங்கள் இருந்தன. சிட்னியில் மில்ஸ் குழுவினர் தங்கள் பட்டியலோடு பொருத்திப் பார்த்தபோது பெரும்பாலானவை ஒத்துவரவில்லை. கலந்த முடிச்சுகளை மூலங்கள் என்று எண்ணியிருந்தார்கள். எத்தனை ஆண்டு சராசரி எடுத்திருந்தாலும் அந்தத் தவறு தீர்ந்திருக்காது. கற்றையைச் சுருக்கினால்தான் தீரும். அடுத்தது பக்க மடல்கள், அதாவது கற்றைக்கு வெளியே ஆண்டெனா ஓரமாகக் கேட்கும் திசைகள். 150 மெகாஹெர்ட்ஸில் சிக்னஸ் ஏ (ஒரு தொலைதூர விண்மீன் மண்டலம்) 10,000 ஜான்ஸ்கிக்கு (வானொலிப் பிரகாசத்தின் அலகு) மேல், காசியோப்பியா ஏ-வும் (வெடித்த விண்மீனின் எச்சம்) அதே அளவு. கற்றை எங்கே பார்த்தாலும் இவை ஓரக்கண்ணில் நுழைந்து படம் முழுக்க வரி வரியாகக் கோடு போடும்.

மூன்றாவது அயனி மண்டலம், வளிமண்டலத்தின் மேலே எலக்ட்ரான்கள் திரியும் அடுக்கு; தெற்கே இருப்பவர்களுக்கு இதுவே பெரிய தலைவலி. தலைக்கு மேலே ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தூணில் உள்ள எலக்ட்ரான்களை 10-இன் 16-ஆம் அடுக்கு என்ற அலகில் எண்ணுவார்கள். ஓர் அலகு கூடினால் 150 மெகாஹெர்ட்ஸ் அலையின் கட்டம் (அலை தன் சுற்றில் நிற்கும் இடம்) 56 ரேடியன், ஏறத்தாழ 9 சுற்று, நகரும். இரண்டு ஆண்டெனாவுக்கு மேலே அந்த எண்ணிக்கை ஓர் அலகில் நூறில் ஒரு பங்கு வேறுபட்டாலே அரை ரேடியன் பிழை. ஜிஎம்ஆர்டியில் 2010 முதல் 2012 வரை 150 மெகாஹெர்ட்ஸில் எடுத்த டிஜிஎஸ்எஸ் என்ற வானக் கணக்கெடுப்புப் பதிவுகளின் முழு அறுவடை 2017-இல்தான் வந்தது. இந்த அயனி மண்டலப் பிழையைத் திசைக்குத் திசை தனித்தனியாகத் திருத்தும் முறையில் பழைய பதிவுகளையே மறுபடி பதப்படுத்தி, 25 விநாடிக்கோணத் துல்லியத்தில், 3.5 மில்லிஜான்ஸ்கி நடுத்தர இரைச்சலில், 6 லட்சத்துக்கு மேற்பட்ட மூலங்களைப் பட்டியலிட்டார்கள். ஐரோப்பாவின் லோஃபார் வானொலித் தொலைநோக்கி 2022-இல் வெளியிட்ட இரண்டாம் தொகுப்பு 44 லட்சம் மூலங்களைத் தொட்டதும் இதே வகைத் திருத்தத்தின் பலத்தில்தான். கருவி பெரிதானதும் காரணம், கணக்கு பெரிதானதும் காரணம்.

ஆண்டெனாவுக்குக் கீழே உள்ள தரையையும் மறந்துவிட வேண்டாம். மண்ணும் சூடான பொருள், இரைச்சல் தரும். மேலே இருந்து வரும் அலையை அடுக்கடுக்காக எதிரொளித்து அலைவெண்ணுக்கு அலைவெண் சிற்றலைகளை உண்டாக்கும். 2018-இல் எட்ஜஸ் என்ற ஆய்வுக் குழு ஆஸ்திரேலியாவில் எடுத்த வான இரைச்சல் வரைபடத்தில் 78 மெகாஹெர்ட்ஸில் அரை கெல்வின் ஆழப் பள்ளம் கண்டதாகவும், அது முதல் விண்மீன்களின் தடயம் என்றும் அறிவித்தது. ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் சரஸ்-3 குழு தன் ஆண்டெனாவைக் கர்நாடக நீர்நிலைகளில் மிதக்கவிட்டு அளந்தது, ஏனென்றால் ஆழமான நீர் அடுக்கில்லாத ஒரே சீரான தரை. 2022-இல் வெளியான அவர்கள் முடிவு அந்தப் பள்ளத்தை 95 சதவீத நம்பிக்கையோடு மறுத்தது. வானில் பள்ளம் இருக்கிறதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. தரையால் இத்தகைய போலி வளைவுகள் வர முடியும் என்பதில் மட்டும் வழக்கே இல்லை. உங்கள் மாடியில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கின்றன. 2.5 மீட்டர் சதுரத்துக்குக் கோழிவலையை விரித்து, அதற்கு மேல் அரை மீட்டர் உயரத்தில் டைபோலை நிறுத்தினால் தரை குறைந்தது ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

ஒரே டைபோலை வைத்து வானத்தைக் கணக்கெடுக்க முடியாது, அதன் கற்றை பாதி வானத்துக்கு அகலம். பால்வீதி ஏறி இறங்குவதை அளக்கலாம், அவ்வளவே. சிக்னஸ் ஏ கூட வலையோடு கூடிய டைபோலில் 5 கெல்வின்தான் தரும். 440-இல் ஒரு சதவீதம், பெருக்கி நகர்வதைவிடக் குறைவு. இதற்கு விடை இரண்டாவது டைபோல். கிழக்கு மேற்காக 40 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இரண்டுக்கும் ஒரே சுருளிலிருந்து வெட்டிய, ஒரே நீளமுள்ள டிடிஎச் கேபிள் ஆர்ஜி-6. சேர்ப்பதற்கு 5 முதல் 1,000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட இருவழி கேபிள் டிவி ஸ்பிளிட்டரைத் தலைகீழாக மாட்டினால் போதும், டாங்கிள் ஒன்றே போதும். இரண்டு டாங்கிள் போட்டால் இரண்டின் படிகமும் தனித்தனியே அலைந்து கட்டத்தைக் கெடுக்கும். பூமி சுழலும்போது இரண்டின் அலையும் மாறி மாறிக் கூடியும் கழிந்தும் வருவதால், இந்த அமைப்பில் சிக்னஸ் ஏ உச்சிக்கோட்டைக் கடக்கும்போது சுமார் 15 நிமிடத்துக்கு ஒரு வரி வீதம், மேலிருந்து கீழ் 10 கெல்வின் அலையாக எழுதும். பெருக்கி மணிக்கணக்கில் நகரும், மின்கம்பி மில்லிவிநாடியில் துடிக்கும். 15 நிமிடக் கடிகாரம் வானத்துக்கு மட்டுமே சொந்தம். பிறகு ஒரு கையில் 83 சென்டிமீட்டர் ஆர்ஜி-6 துண்டை ரிலேயால் இணைத்து விலக்கினால் (நுரைக் காப்புள்ள கேபிளில் அது அரை அலைநீளம்) கேம்பிரிட்ஜ் வானியலர் ரைல் 1952-இல் விளக்கிய கட்டமாற்று முறை கிடைக்கும். நகர்வு முழுவதும் கழிந்துவிடும்.

செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் இதைக் கட்டி முடித்தால் ஒன்றைக் கவனிக்கலாம். சிக்னஸ் ஏ அப்போது இரவு 8 மணியை ஒட்டி உச்சிக்கோட்டைக் கடக்கும். காந்த நடுக்கோடு நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது; தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் அதனால்தான். அந்த மாதங்களில் பொழுது சாய்ந்தபின் அயனி மண்டலத்தில் குமிழ்கள் எழும்பி மூலங்களை மினுங்கவைக்கும். அந்த மினுக்கத்தின் அளவு தரையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் என்பதால் 40 மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு டைபோலும் சேர்ந்தே மங்கி எழும். வரிகள் 5, 10 விநாடிக்கு ஒருமுறை துடிக்கும். 1946-இல் சிக்னஸில் இதே துடிப்பைக் கண்ட பிரிட்டனின் ஹே குழுவினர் அது மூலத்தின் சொந்தத் துடிப்பு என்று எண்ணினார்கள். 1950-இல் தூரதூரமாக ஆண்டெனாக்களை வைத்து ஒப்பிட்ட பிறகே பழி அயனி மண்டலத்துக்குப் போனது. ஆகவே அந்த வாரத்தில் வரி துடித்தால் உடனே எல்என்ஏ பெட்டியைத் திறக்காதீர்கள். விடியற்காலை 5.40 வாக்கில் டாரஸ் ஏ (நண்டு நெபுலா) கடக்கும்வரை காத்திருங்கள். சிக்னஸில் ஏழில் ஒரு பங்கே இருக்கும் அதன் மெல்லிய வரி அசையாமல் வந்தால் கருவி நலம். அதுவும் துடித்தால் முதலில் ஸ்பிளிட்டரின் எஃப் கனெக்டர்களை இறுக்குங்கள்.